சேலைப் போர்வை: மெஷினில் போட்ட பிறகு நடந்தவை

2022 நவம்பர் கடைசியில் என்னிடம் வந்த ஒரு போர்வையைப் பற்றி எழுதுகிறேன். மதுரை செல்லூரில் வீட்டில் இருந்தபடியே பழைய துணிகளைச் சரிசெய்து கொடுப்பது என் வேலை, இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எலி கடித்த பட்டுச்சேலை, சரிகை இற்றுப்போன முந்தி, அப்பாவின் கல்யாணக் கோட்டு, இப்படித்தான் வரும். இந்தப் போர்வை விஷயத்தில் அந்த வீட்டுக்காரர்கள் இரண்டு இடத்தில் சறுக்கினார்கள், நானும் நன்றாகவே சறுக்கினேன், பழைய துணி வைத்திருக்கிற எந்த வீட்டிலும் இது நடக்கலாம் என்பதால் நடந்ததை நடந்தபடி பதிவு செய்கிறேன். அவர்கள் எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். எழுதுங்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

பின்னணி

போர்வையைத் தைத்தவருக்கு அப்போது 78 வயது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். கொஞ்சம் மானாவாரி நிலம், இரண்டு ஆடு, பக்கத்துத் தெருவில் தம்பி வீடு. மகன் குடும்பம் மதுரையில், மகள் திருப்பூரில். மகனுடைய பெண்ணுக்குத் தலைப்பிரசவம். தீபாவளி கழிந்த வாரம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அப்போது அப்பத்தா இந்தப் போர்வையை மடித்து, ஒரு துண்டில் கட்டிப் பேத்தியிடம் கொடுத்திருக்கிறார். "பிள்ளை பெத்த உடம்பு, மார்கழி தை குளிரு தாங்காது, போத்திக்க" என்றாராம். அவ்வளவுதான் பேச்சு. உள்ளே என்னென்ன துணி இருக்கிறது, எப்படித் துவைப்பது என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

அந்த வீட்டில் இதற்குச் சேலைப் போர்வை என்று பெயர். பழைய சேலை, வேட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, முழுக்கக் கையாலேயே ஓட்டத்தையல் போட்டு எடுத்தது. இதே வேலையை வங்காளத்தில் காந்தா என்கிறார்கள், வட கர்நாடகத்தில் கௌதி என்கிறார்கள், நல்ல விலைக்கு விற்கிறார்கள். நம் பக்கம் இது வீட்டுக்கு வீடு ஏதோ ஒரு பெயரில் பரணில் கிடக்கும், தைத்தவர் போனதும் கார் துடைக்கப் போய்விடும். எனக்கு இதில் ரொம்ப நாள் வருத்தம் உண்டு.

மகன் வீட்டில் போர்வையைப் பீரோவில் வைத்து, பூச்சி வராமல் இருக்கப் பாச்சா உருண்டை போட்டார்கள். இரண்டு வாரத்தில் பீரோவைத் திறந்தாலே நெடி. செக்கப்புக்குப் போன இடத்தில், பாச்சா உருண்டை வாசனை உள்ள துணியைப் பச்சைக் குழந்தை பக்கத்தில் வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அது சரியான அறிவுரைதான். அந்த உருண்டைகளில் இருக்கும் நாப்தலின், ஜி6பிடி என்கிற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கும். ஆக, அந்த வீட்டு மருமகள், அதாவது கர்ப்பமாக இருந்த பெண்ணின் அம்மா, கவலைப்பட்டதில் தப்பே இல்லை. நெடி போகும்வரை மொட்டை மாடி நிழலில் காற்றாடப் போட்டிருந்தால் அவசரத்துக்குப் போதும். ஆனால் அது அடைமழை நேரம்.

மெஷினில் போட்டது

நெடியோடு கிருமியும் போகட்டும் என்று வாஷிங் மெஷினில் 60 டிகிரி சுடுதண்ணீரில் போட்டார். ஏழு கிலோ மெஷின். காய்ந்த போர்வை மூன்று கிலோவுக்கு மேல், தண்ணீர் குடித்தால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடும். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது தண்ணீர் குங்குமம் கரைத்த மாதிரி இருந்ததாம். நிறுத்தவும் முடியவில்லை, சுற்றிப் பிழிந்துதான் கதவு திறந்தது.

வெளியே எடுத்தால், நடுவில் இருந்த சிவப்புத் துணி தையல் ஓரமாகக் கிழிந்திருக்கிறது, அதன் சாயம் மேல்பக்கச் சுங்குடியிலும் அடிப்பக்க வெள்ளை வேட்டியிலும் ஏறியிருக்கிறது.

அப்புறம் யாரோ சொன்னதைக் கேட்டு, சாயம் நிற்கட்டும் என்று இரண்டு கைப்பிடி கல்லுப்பு போட்ட தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்திருக்கிறார்கள். இரண்டாவது சறுக்கல் இதுதான், இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பத்து வீட்டில் எட்டு வீட்டில் இந்த உப்பு வைத்தியம் உண்டு. சாயப்பட்டறையில் உப்பு போடுவது உண்மை. தண்ணீரில் கரைந்து நிற்கும் சாயத்தைப் பருத்தி நூல் பக்கம் தள்ளுவதற்காகப் போடுவது அது. துணியில் பிடிமானம் இல்லாமல் இருக்கும் பழைய சாயத்தைப் பூட்டி வைக்கிற சக்தி உப்புக்குக் கிடையாது. இங்கே வாளித் தண்ணீரில் ஏற்கெனவே சிவப்பு கரைந்து இருக்கிறது, பக்கத்திலேயே வெள்ளை வேட்டி இருக்கிறது, அதில் உப்பைப் போட்டால் என்ன ஆகும்? அந்தச் சிவப்பு வேட்டியில் இன்னும் நன்றாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதுதான் ஆனது.

மழையில் நாலு நாள் காயவில்லை. முக்கல் வாடை வந்ததால் சூடாக இஸ்திரி போட்டுக் காயவைத்தார்கள். சிவப்புத் துணி பளபளவென்று தட்டையாகி, தொட்ட இடத்தில் விட்டது.

என்னிடம் வந்தபோது கண்டவை

அம்மாவும் பெண்ணும் கட்டைப்பையில் வைத்து எடுத்து வந்தார்கள். அம்மா உட்காரவே இல்லை. "அத்தைக்குத் தெரியாம சரி பண்ணிக் குடுத்துருங்கக்கா, எவ்வளவு ஆனாலும் பரவால்ல" என்றார். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை.

ஏழடி நீளம், ஐந்தடி அகலம். ஓரத்தைப் பார்த்தால் ஐந்து அடுக்கு. அடியில் வேட்டி இரண்டை ஒட்டுப் போட்டது, அதுவரை வெள்ளையாக இருந்தது இப்போது திட்டுத் திட்டாக ரோஸ். அதற்கு மேல் அரக்குக் கண்டாங்கி, பிறகு நீலக்கட்டம் போட்ட கைத்தறி, அதற்கு மேல் ஒரு பச்சை. மேலே ஊதாச் சுங்குடி, அதன் நடுவில் சதுரமாகச் சிவப்பு.

சுங்குடி நிஜச் சுங்குடி. துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்ததும் கட்டை அவிழ்ப்பார்கள். கட்டு இருந்த இடம் மட்டும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனாலும் இன்று கடையில் கேட்டால் அச்சுப் போட்டதைத்தான் அதிகம் எடுத்துப் போடுகிறார்கள். கையால் கட்டிய புள்ளி ஒன்று மாதிரி ஒன்று இருக்காது, விரலால் தடவினால் லேசாகப் பொங்கி நிற்கும். இந்தப் போர்வையில் அந்தப் புள்ளிகள், சிவப்புக்குப் பக்கத்தில் இருந்தவை எல்லாம், சோற்றில் பீட்ரூட் பட்ட மாதிரி ஆகியிருந்தன. ஓரத்துக்குப் போகப் போக மறுபடி வெள்ளை.

சிவப்பு ஏன் கிழிந்தது, மற்றது ஏன் தாங்கியது என்று பார்க்க அதிலிருந்து ஒரு இழையை உருவி, நடுவில் எச்சில் தொட்டு இழுத்தேன். ஈரம் பட்ட இடத்திலேயே பொட்டென்று போனது. ரேயான். சின்னாளப்பட்டியில் ஒரு காலத்தில் செயற்கைப் பட்டுச் சேலைகள் ஏராளமாக நெய்தார்கள், பட்டு வாங்க முடியாத வீடுகளின் விசேஷச் சேலை அதுதான். பருத்தி நனைந்தால் கொஞ்சம் உறுதியாகும், ரேயான் நனைந்தால் பாதி பலத்தை இழந்துவிடும். பருத்தி அடுக்குகள் சுடுதண்ணீரில் சுருங்கி இழுக்க, தண்ணீர்க் கனம் ஒரு பக்கம் இழுக்க, நடுவில் மாட்டியது இதுதான். எரித்துப் பார்த்தால் இது தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: பட்டு முடி கருகிய வாடை அடிக்கும், பாலியஸ்டர் உருகிக் கட்டியாகும், ஆனால் ரேயானும் பருத்தியும் ஒரே மாதிரி காகித வாடைதான்.

வெள்ளைத் துணியை நனைத்து ஒவ்வொரு நிறத்தின் மேலும் வைத்து, மேலே தண்ணீர்ச் சொம்பை ஏற்றிக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்தேன். சிவப்பு இன்னும் விட்டது. கண்டாங்கி லேசாக. மற்றவை சுத்தம்.

என் முதல் முடிவுகள்

இனி தண்ணீர் காட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். ஏறின சாயத்தை எடுக்க வேண்டுமானால் மருந்து போட வேண்டும், அந்த மருந்து சுங்குடியின் ஊதாவையும் சேர்த்தே தின்றுவிடும். அதனால் கறையை விட்டுவிடுவது. இரண்டும் சரியான முடிவு, இன்றும் அப்படித்தான் செய்வேன்.

மூன்றாவது, சிவப்புத் துணி இன்னும் உதிராமல் இருக்க அதன்மேல் மெல்லிய நெட் துணியைப் போர்த்தி, சுற்றிலும் நுணுக்கமாகத் தைத்தேன். இனி யாரும் போர்த்தக் கூடாது, மடிக்காமல் சுருட்டி, பழைய மல் துணியில் சுற்றி வையுங்கள் என்று சொல்வதாக இருந்தேன். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்தேன். தமுக்கத்தில் காந்தி மியூசியத்தில், சுடப்பட்ட அன்று அவர் உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போய்க் காட்டிய நாளிலிருந்து, பழைய துணி என்றால் அப்படித்தான் வைக்க வேண்டும் என்று என் மனசில் ஊறிவிட்டது. அந்தத் துணிக்கு அதுதான் சரி. இதற்கும் அதுவேதானா என்று நான் யாரையும் கேட்கவில்லை.

நாலாவது முடிவுதான் எல்லாவற்றிலும் தப்பு. தைத்தவருக்குத் தெரியாமல் செய்ய ஒத்துக்கொண்டேன். கர்ப்பிணிப் பெண் இருக்கிற வீடு, சண்டை வேண்டாமே என்று நினைத்தேன்.

ஒரு மூலையில் ஓர மடிப்புக்குள் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்பட்டது. நூல் முடிச்சு சேர்ந்திருக்கிறது என்று நினைத்துப் பிரித்தேன். உள்ளே கறுப்பு அரைஞாண் கயிறு ஒரு துண்டு, அதில் கோத்த ஓட்டைக் காலணா. 1940-களில் போருக்காகச் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு அடித்த காசு. எந்த மூலை, எப்படி வைத்துத் தைத்திருந்தது என்று போட்டோ எடுக்காமல், கயிற்றையும் காசையும் ஒரு கவரில் போட்டு வைத்துவிட்டேன்.

நான் நிறுத்திய இடம்

ஓரத்தைப் பிரித்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. உள்ளே சில தையல்கள் மூன்று அடுக்கை மட்டும் பிடித்திருந்தன. சில நாலு அடுக்கை. மேலே தெரிவது மட்டும்தான் ஐந்தையும் சேர்த்துப் பிடித்தது. நூலும் வேறு வேறு. அப்படியானால் இதை ஒரே மூச்சில் தைக்கவில்லை, இடைவெளி விட்டு விட்டுத் தைத்திருக்கிறார். எந்தத் தையலைப் பிரித்தால் எது அவிழும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் எண்பது கிலோமீட்டர் கூட இல்லாத தூரத்தில் உயிரோடு இருக்கிறார்.

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். "அப்பத்தா தினமும் போன் பண்ணி, போத்திக்கிறியாத்தான்னு கேக்குதுக்கா. நானும் ஆமா ஆமான்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றாள். அவளுடைய அப்பா பிரசவம் முடியட்டும் என்றார், அம்மா வேண்டவே வேண்டாம் என்றார். அன்றைக்கு ராத்திரி அவளே போனில் சொல்லிவிட்டாள்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லையாம். அப்புறம் வந்த முதல் கேள்வி, "எந்தச் சேலை கிழிஞ்சிருக்கு?"

அவர் வந்த நாள்

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, ஆரப்பாளையத்தில் பஸ் இறங்கி மகனோடு என் வீட்டுக்கு வந்தார். மருமகள் பின்னாலேயே வந்து வாசல் படியில் நின்றுகொண்டார். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, போர்வையை மடியில் இழுத்துப் போட்டார். கண்ணால் அதிகம் பார்க்கவில்லை. ஒரு கண்ணில் புரை எடுத்து ஆறு மாதம், இன்னொன்று இன்னும் எடுக்கவில்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓரத்தை வைத்து நெருடிக்கொண்டே போனார், அடுக்கு எண்ணுகிற மாதிரி.

நெட் துணியில் விரல் பட்டதும் நின்றுவிட்டார்.

"இது என்னத்தா, கொசுவலையா?"

சிவப்பு உதிராமல் இருக்க என்றேன். இனிப் போர்த்தாமல் பத்திரமாக வைத்தால் இன்னும் ஐம்பது வருஷம் இருக்கும் என்றும் சொன்னேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை, ஆனால் புரியாமல் பார்த்தார். "மேச்சேலை போச்சுன்னா இன்னொரு சேலை போட்டுத் தைக்கிறதுதானே. பெட்டிக்குள்ள வைக்கிறதுக்கா இம்புட்டுத் தையலு?"

அதற்குப் பிறகு அவர் சொல்லச் சொல்ல ஒரு பழைய கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டேன், போனிலும் பதிவு செய்தேன். 1966-இல் மகன் பிறந்த சமயம் முதல் மூன்று அடுக்கு: புருஷனின் வேட்டி இரண்டு, மாமியாரின் கண்டாங்கி, தன்னுடைய நீலக்கட்டம். மகள் நடக்க ஆரம்பித்ததும் பச்சை. 1998 வாக்கில் சுங்குடியும் சிவப்பும். மேல் சேலை நைந்துபோகும்போதெல்லாம் அதைப் பிரிக்காமல், அதன்மேலேயே அடுத்தது. நான் ஒரு முடிந்த பொருள் என்று நினைத்துக் காப்பாற்றப் போனது, அவர் கையில் ஐம்பத்தாறு வருடமாக நடந்துகொண்டிருந்த வேலை.

வேட்டியில் ஏறிய ரோஸைக் காட்டியபோது மருமகள் படியிலிருந்தே தலையைக் குனிந்துகொண்டார். இவர் அந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "முறைப்பொண்ணுக மஞ்சத்தண்ணி ஊத்தி இதவிட மோசமாவெல்லாம் வேட்டி வந்திருக்கு. உள்ள வாத்தா, ஏன் அங்கயே நிக்கிற?"

கவரை நீட்டிக் காசைக் கொடுத்தேன். அது மகன் குழந்தையாக இருந்தபோது கட்டிய இடுப்புக் கயிறு என்றார். நினைவுக்காக வைத்தீர்களா என்று நான் கேட்டதற்கு, "அது கால்மாடு" என்றார். எனக்குப் புரியவில்லை. இருட்டில் போர்வையை எடுக்கும்போது தலைமாடு எது, கால்மாடு எது என்று கைக்குத் தெரிய வேண்டும். கால் பட்ட பக்கம் முகத்துக்கு வரக் கூடாது. அதற்காக ஒரு மூலையில் காசு. எந்த மூலை என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. போட்டோ எடுக்காததற்கு அன்றைக்கு வெட்கப்பட்டேன்.

சேலை தேடியது

நெட்டைப் பிரித்தோம். மேலே போட ஒரு பழைய பருத்திச் சேலை வேண்டும். இது இவ்வளவு கஷ்டம் என்று யாரும் நினைக்கவில்லை. மகன் வீட்டுப் பீரோவில் முப்பது சேலைக்கு மேல், அத்தனையும் சிந்தெடிக், பட்டு. சிந்தெடிக் வேர்வையை உறிஞ்சாது, ஊசி போட்டால் வழுக்கும், கீழே இருக்கிற பருத்தியோடு சேர்ந்து சுருங்கவும் விரியவும் செய்யாது. விளக்குத்தூண் போய்ப் புதுசு வாங்கி வருகிறேன் என்றார் மகன். அப்பத்தா வேண்டாம் என்றார். புதுச்சேலையில் கஞ்சி இருக்கும், அதைத் துவைத்துத் துவைத்துச் சுருங்கவைத்து முடிப்பதற்குள் பிள்ளை பிறந்துவிடும். கஞ்சித் துணியைச் சுற்றி ராமபாணப் பூச்சி வேறு வரும், அது மாவுப்பொருளைத் தின்கிற பூச்சி.

இதற்கு நடுவில் திருப்பூர் மகளிடமிருந்து போன். விஷயம் தெரிந்து அண்ணியிடம் கத்தியிருக்கிறார். "அந்தச் சிவப்பு என் சடங்குச் சேலை. மாமா சீர் கொண்டு வந்தது. அதை மெஷின்ல போடுவாங்களா?" நியாயமான கோபம்தான். அது அவருடைய சேலை என்றே மதுரையில் யாருக்கும் தெரியாது. அந்தச் சிவப்பை எடுத்து எனக்குக் கொடுங்கள் என்று கேட்டார். துண்டு எடுத்தால் போர்வை போர்வையாக இருக்குமா என்று நான் தயங்கினேன், அப்பத்தா தயங்கவில்லை. அது இனித் தண்ணீர் தாங்காது, அடியில் கிடந்தால் அடுத்த துவைப்பிலும் சாயம்தான் விடும், அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றார். நான் சொல்லியிருக்க வேண்டிய காரணத்தை அவர் சொன்னார். நல்ல பகுதி ஒன்றை, கைக்குட்டை அளவுக்கு, மெல்லிய மல் துணியில் வைத்துத் தைத்து அனுப்பினேன்.

மேல் சேலை விஷயம் இரண்டு நாள் அப்படியே நின்றது. மூன்றாம் நாள் மருமகள் ஒரு சேலையைக் கொண்டு வந்து வைத்தார். மாம்பழ மஞ்சளில் பருத்திச் சேலை, தன்னுடைய வளைகாப்புக்கு அம்மா எடுத்துக் கொடுத்தது, அம்மா இப்போது இல்லை. "இதுல போட்டுட்டா அப்புறம் எனக்குக் கிடையாதுல்லக்கா" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். மாமியாரும் கட்டாயப்படுத்தவில்லை, யோசித்துக் கொடு என்றார். அதற்குள் மருமகளே மடிப்பைப் பிரித்துத் தரையில் விரித்துவிட்டார்.

தைத்த விதம்

மகன் வீட்டு ஹாலில் பத்தொன்பது நாள் நடந்தது. தினமும் மத்தியானம் நான் போவேன். தரையைத் துடைத்து, போர்வையை விரித்து, மேலே மஞ்சள் சேலையைப் போட்டு, நாலு மூலைக்கும் கனம் வைத்தோம். அம்மிக்குழவி, இஸ்திரிப் பெட்டி, கிடைத்ததெல்லாம். நடுவில் சிவப்பு இருந்த பள்ளத்தில் அதே சேலையின் முந்தியை வெட்டி நிரவினோம். முதலில் ஒரு சாண் இடைவெளியில் தூரத்தையல், துணி நகராமல் இருப்பதற்கு. அது முடிந்து ஓரத்தில் ஆரம்பித்து உள்பக்கமாகச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். நடுவில் ஆரம்பித்தால் வேகம் வரும், ஆனால் ஓரம் அலையலையாக நிற்கும் என்றார்.

தையல் அரிசி நீளம். அதைவிடச் சிறிதாகப் போனால் கையைத் தட்டுவார். ஓரத்தை மட்டும் தையல் மிஷினில் ஓட்டிவிடலாமா, நாள் மிச்சமாகுமே என்று கேட்டுப் பார்த்தேன். "மிஷின் தையல் பழந்துணியை அறுக்கும்" என்றார். எனக்கும் அது தெரியும். நெருக்கமாக விழுகிற மிஷின் ஊசி நைந்த துணியில் காகிதம் கிழிக்க வைத்த துளை வரிசை மாதிரி ஆகிவிடும், கைத்தையல் கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். தெரிந்துகொண்டே கேட்டது நாள் கணக்குப் பார்த்ததால்.

அவருக்கு ஊசி கோக்க முடியவில்லை. பேத்தி நாற்காலியில் உட்கார்ந்து, நூலை மெழுகுவத்தியில் ஒரு இழுப்பு இழுத்து, பத்துப் பன்னிரண்டு ஊசியில் கோத்துத் தலையணையில் குத்தி வைத்துவிடுவாள். மருமகள் எதிர்ப்பக்கத்து ஓரத்தில். முதல் நாள் தைத்ததை ராத்திரி மாமியார் பிரித்துவிட்டார், இரண்டாம் நாளும் கொஞ்சம். நாலாம் நாளிலிருந்து பிரிக்கவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு

தைப்பொங்கல் கழித்துப் பெண்குழந்தை. நான் பயந்துகொண்டே இருந்த ஒன்றை முன்பே பேசியிருந்தோம்: மூன்று கிலோப் போர்வையைக் குழந்தை மேல் போடுவது மூச்சுக்கு ஆபத்து, பக்கத்தில் குவிந்து கிடப்பதும் ஆகாது. நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன், அப்பத்தாவோ "பச்சப்பிள்ளைக்கு ஒத்தச் சேலைதான். இது பெத்தவளுக்கு" என்று ஒரே வரியில் முடித்தார். குழந்தைக்குத் தொட்டில் தனி, போர்வை அம்மாவின் கட்டிலில்.

அடுத்த ஒன்றரை வருடத்தில் இரண்டு முறை துவைத்தார்கள். பச்சைத் தண்ணீரில், பூந்திக்கொட்டை ஊறவைத்த நீரில் கையால் அமுக்கி, முறுக்காமல், ஒரு கட்டிலின் மேல் பரப்பி நிழலில் காயவைத்து. கண்டாங்கிச் சாயம் முதல் தடவை கொஞ்சம் வந்தது, இரண்டாவதில் இல்லை. பாச்சா உருண்டைக்குப் பதில் வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் துணியில் முடிந்து வைக்கிறார்கள், மாதம் ஒருமுறை எடுத்து உதறுகிறார்கள். வேட்டியின் ரோஸ் அப்படியே இருக்கிறது. சுங்குடியின் புள்ளிகள் மஞ்சள் சேலைக்கு அடியில் போய்விட்டன, அது மட்டும் எனக்கு இன்னும் கொஞ்சம் வலிக்கிறது. திருப்பூர் மகள் ஒரு முறை வந்து போர்வையைப் பார்த்தார். அண்ணியும் அவரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள், ஆனால் பழையபடி என்று சொல்ல முடியாது.

நான் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தையல் அவர்களுடையது. பதிலுக்கு ஒரு படி மொச்சைப் பயறு வந்தது.

இப்போது நான் மாற்றிக்கொண்டவை

தைத்தவர் உயிரோடு இருந்தால் அவரிடம் பேசாமல் ஊசி எடுப்பதில்லை. வீட்டுக்காரர்கள் மறைக்கச் சொன்னால் அந்த வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். இதனால் இரண்டு வேலை கைவிட்டுப் போயிருக்கிறது. எதையும் பிரிப்பதற்கு முன் நாலு மூலையும் இரண்டு பக்கமும் போட்டோ, பிரித்த மூலையில் நூலால் ஒரு அடையாளம். போர்வை வந்தால் முதலில் கேட்பது, இதை இனிப் போர்த்தப் போகிறீர்களா, வைக்கப் போகிறீர்களா என்று. நெட் போடுவதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகுதான்.

அந்த வீட்டில் இந்த ஒரு நோட்டுதான் புதிதாகச் சேர்ந்தது. அடுக்கு வாரியாக எந்தச் சேலை, யாருடையது, எந்த வருடம், பக்கத்திலேயே அந்தத் துணியின் ஒரு இழையைக் குண்டூசியில் குத்தி வைத்திருக்கிறோம். இது முதல் நாளே இருந்திருந்தால் மெஷினில் போட்டிருக்க மாட்டேன் என்று மருமகள் சொன்னார், நான் நம்புகிறேன். எழுதத் தெரியாத ஒருவரின் வேலைக்கு அவர் சொல்லி நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும், அதைக் கேட்க அந்த வீட்டில் ஐம்பத்தாறு வருடம் யாருக்கும் தோன்றவில்லை.

காலணாவைக் கடைசி நாள் தைத்தோம். பழைய மூலை எது என்று தெரியாததால், பேத்தி எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பாள் என்று கேட்டு, அதற்கு எதிர் மூலை ஒன்றை அப்பத்தா காட்டினார். அதை மட்டும் நான் தைத்தேன். இரண்டு தடவை பிரித்துத் தைக்கச் சொன்னார், மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தை நெருடிப் பார்த்து, சரி என்றார்.